முகம், பின்னணி, குரல்

1

ஒரு புகைப்படத்தின் ஒரு பகுதியை மட்டும் மங்கலாக்குவது இன்று யாருக்கும் ஒரு பிரச்னையாகவே தோன்றாத காரியம். பத்திரிகை ஆபீசில் உதவி ஆசிரியர் செய்கிறார். கல்யாணத்துக்குப் படமெடுக்க வருகிறவர் செய்கிறார். கையில் போன் வைத்திருக்கும் எவரும் விரலால் தடவியே செய்துவிட முடிகிறது. ‘பிளர் பண்ணிடு’ என்று இரண்டு சொற்களில் முடிந்துபோகும் இந்தக் காரியத்துக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது. இந்தச் சட்டத்துக்குள் எது பார்க்கத் தக்கது, எது தகாதது. யார் இருக்கலாம், யார் இருந்தும் இல்லாமல் போகவேண்டும் என்ற தீர்ப்பு. தீர்ப்பு என்று ஒன்று இருந்தால் அதை வழங்குகிறவர் என்று ஒருவரும் இருந்தாக வேண்டும். அவர் யார், யார் கொடுத்த அதிகாரத்தில் வழங்குகிறார் என்று கேட்பது விமர்சனத்தின் வேலைதான். கலையை ஓர் அலமாரியிலும் ஒழுக்கத்தை இன்னோர் அலமாரியிலும் வைத்துப் பூட்டிக்கொள்வது நம் சூழலின் பழக்கம். இந்தக் கேள்வி அந்தப் பூட்டுகளை மதிக்காது.

இது எனக்குப் புத்தகங்களிலிருந்து வந்த கேள்வி அல்ல. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளை ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், வல்லம் வடகால் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஷிப்டு தவறாமல் கடந்து போகும் சாலையில் இருக்கிறது. சம்பளக் கணக்கு தொடங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். அவர்கள் கொண்டுவரும் ஆதார் நகலில் முதல் எட்டு இலக்கங்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கடைசி நான்கை மட்டும் விட்டுவைப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. எண் மறைய வேண்டும் என்பது விதி. முகம் அப்படியே இருக்கும். சாலையில் வந்து நிற்கும்படி ஏதாவது நடந்து இதே பெண்கள் செய்தித்தாளில் இடம்பெறும்போது விதி தலைகீழாகிவிடுகிறது. எண் பளிச்சென்று இருக்கும் – இத்தனை ஆயிரம் பேர், இத்தனை கோடி ரூபாய். முகம் மங்கியிருக்கும். இரண்டுமே அவர்களுடைய பாதுகாப்புக்காக என்றுதான் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒன்றா என்பதுதான் என் விசாரம்.

2

முதலில் இந்தக் காரியம் ஸ்தூலமாக எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். யந்திரத்துக்குப் படம் என்பது புள்ளிகளின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் வெளிச்சத்தையும் நிறத்தையும் சொல்லும் எண்கள் உண்டு. மங்கலாக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் தன் எண்ணை விட்டுக்கொடுத்துவிட்டு அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியை ஏற்றுக்கொள்கிறது. கண்ணின் கறுப்பு கன்னத்தின் பழுப்போடு கலந்து, இரண்டும் இல்லாத ஒன்றாகிறது. மங்கல் என்பது இருட்டு அல்ல, அழிப்பும் அல்ல. அது சராசரி. தன் எல்லைகளை இழந்து பக்கத்தில் இருப்பதோடு கரைந்துபோன நிலை.

இதை ஒரு தொழில்நுட்ப விவரம் என்று தள்ளிவிட முடியாது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டிய விடுதியை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். 20 ஏக்கர், 706.50 கோடி ரூபாய், 18,720 பேர் தங்கும் வசதி. அவசியமான காரியம்தான். ஆனால் 18,720 என்ற எண்ணும் ஒருவகையில் மங்கலாக்கப்பட்ட புகைப்படம். ஒவ்வொருத்தியும் தன் எல்லையை இழந்து பக்கத்துப் படுக்கைக்காரியோடு கலந்துவிட்டால்தான் அந்த எண் உருவாகும். நிர்வாகத்துக்கு எண் தேவை. எனக்கும் தினமும் மாலையில் கணக்கு முடிக்கத் தேவைப்படுகிறது. மங்கலாக்காமல் நிர்வாகம் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். மங்கல் என்றாலே அநியாயம் என்று ஆரம்பித்தால் அது உணர்ச்சிப் பேச்சாக முடியும்.

சராசரியாக்குவதும் கலைத்துப்போடுவதும் வேறு வேறு. 2007ல் நடந்த ஒரு விஷயம் இதைத் தெளிவாக்கும். குழந்தைகளுக்குத் தான் செய்த கொடுமைகளைப் படமாக்கி இன்டர்நெட்டில் உலவவிட்ட ஒருவன், அந்தப் படங்களில் தன் முகத்தைச் சுழல்போலத் திருகிவிட்டிருந்தான். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அந்தத் திருகலை எதிர்த்திசையில் திருப்பினார்கள். முகம் வந்துவிட்டது. இன்டர்போல் அதை உலகத்துக்குக் காட்டியது. அந்த அக்டோபரிலேயே அவன் தாய்லாந்தில் பிடிபட்டான். திருகும்போது புள்ளிகள் இடம்தான் மாறுகின்றன. எதுவும் பெரிதாகத் தொலைவதில்லை. சராசரியில் தொலைகிறது, எவ்வளவு ஆழமாகச் சராசரியாக்குகிறோமோ அவ்வளவு தொலைகிறது. இந்த உதாரணத்தில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அங்கே முகத்தை மறைத்தவன் குற்றவாளி. தன் முகத்தைத் தானே மறைத்துக்கொள்ளும் வசதி அவனுக்கு இருந்தது. படத்திலிருந்த குழந்தைகளுக்கு அது இல்லை. மறைப்பதா காட்டுவதா என்பதைவிட, அந்தக் கருவி யார் கையில் இருந்தது என்பதே முதல் கேள்வியாகிறது.

3

நம்முடைய மரபில் முகத்தை மறைப்பதற்கு ஒரு இலக்கணமே உண்டு. அதை இந்தக் கோணத்தில் யாரும் பார்த்ததாக நான் படித்ததில்லை. தொல்காப்பியம் அகத்திணையில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது என்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி – இவ்வளவுதான். யார் மகள், எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்டுக்கொண்டு போக முடியாது. ஆனால் அவள் நிற்கும் இடம்? அது துல்லியம். எந்தப் பூ, எந்தப் பொழுது, எந்தப் பறவை, மணலில் நண்டு ஓடிய தடம் எப்படி – எதுவும் மங்கலாக இல்லை. ஆளை மங்கலாக்கிப் பின்னணியைக் கூர்மையாக்கிய கலை அது.

இப்போது போன் காமிராவில் ‘போர்ட்ரெய்ட்’ என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நேர் எதிர். ஆள் கூர்மை, உலகம் மங்கல். 2016ல் ஐபோன் 7 பிளஸ் மாடலோடு பரவலான இந்தப் பழக்கத்தில், எவ்வளவு தூரத்தில் எது இருக்கிறது என்று யந்திரம் கணக்குப்போட்டு, முகத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் சராசரியாக்கிவிடுகிறது. பழைய லென்சிலும் பின்னணி மங்கும். அது கண்ணாடியின் சுபாவம். இது ஓர் அபிப்பிராயம். 2019ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்பட்டு விற்பனைக்கு வந்த ஐபோன் எக்ஸ்ஆர் மாடலின் காமிராவில், எதிரே மனித முகம் இருப்பதாக யந்திரம் கண்டுகொண்டால்தான் ‘போர்ட்ரெய்ட்’ வேலை செய்யும். நாய்க்குட்டியையோ மரத்தையோ காட்டினால் அது அசையாது. முகம்தான் விஷயம், மற்றதெல்லாம் பின்னணி என்ற தத்துவத்தை இந்த மண்ணில் கைகளால் பூட்டி உலகத்துக்கு அனுப்பினார்கள். பூட்டியவர்களே அந்தப் பின்னணி என்பது உபரி. தாங்கள் செய்வதை அவர்கள் படமெடுக்க முடியாது. இந்தப் பகுதியில் பல கம்பெனிகளின் வாசலில் செக்யூரிட்டி போனை வாங்கிக் காமிராக் கண்ணின்மேல் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பித் தருகிறார்.

பின்னணி என்று நான் சொல்வது அழகு விஷயம் அல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வார்கள். ‘வடகால்’ என்பதில் இருக்கும் ‘கால்’ என்ற சொல்லுக்கு நீர் போகும் வாய்க்கால் என்றும் பொருள் உண்டு. இன்று அதே பெயரைத் தாங்கிய சிப்காட்டில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் அதன் உதிரிபாகங்களும், விமான உதிரிபாகங்களுக்கான பேட்டையும் இருக்கின்றன. ஒரு பெண் விடுதி வாசலில் நின்று ஊருக்கு அனுப்ப ஒரு படம் எடுத்துக்கொள்கிறாள். பின்னால் இருக்கும் எதுவும் அதில் தெரிவதில்லை. ஏரியின் மதகோ, கம்பெனியின் கம்பிவேலியோ, தண்ணீர் லாரியோ, எல்லாம் ஒரே மிருதுவான பச்சை–சாம்பல் நிறப் புகை. ‘எங்கே இருக்கிறாய்’ என்ற தாயின் கேள்விக்கு அந்தப் படம் பதில் சொல்லாது. ‘நன்றாக இருக்கிறேன்’ என்று மட்டும் சொல்லும். சில சமயம் அவளுக்கு வேண்டியதும் அதுதான். தாய்க்குக் கவலை வேண்டாம் என்று அவளே மறைக்கிறாள். அதை நான் குறை சொல்லமாட்டேன். அவள் தேர்ந்துகொண்ட மங்கல் அது.

அகத்திலும் ‘போர்ட்ரெய்ட்’டிலும் ஒன்று கூர்மை பெற இன்னொன்று மங்குகிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அப்படியென்றால் கூகுளின் தெருக்காட்சிப் படம்தான் இன்றைய அகத்திணை என்றும் சொல்லிவிடலாம். 2008லிருந்து அதில் முகங்களை யந்திரமே தேடிப்பிடித்து மங்கலாக்குகிறது. 2022ல் சென்னை உள்பட இந்தியாவின் பத்து நகரங்களில் அது வந்தது. ஆள் மங்கல், கடையின் பெயர்ப்பலகை தெளிவு. 2016ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாட்டின் முகத்தைக்கூட அந்த யந்திரம் மரியாதையோடு மங்கலாக்கியிருந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. ஆனால் அது அகம் அல்ல. ஏன் அல்ல என்று யோசித்தால் நமக்கு வேண்டிய அளவுகோல் கிடைக்கிறது.

அகப்பாட்டில் பெயர் இல்லை, குரல் உண்டு. முழுப் பாட்டுமே யாரோ ஒருவரின் கூற்று. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், தாய் புலம்புகிறாள். பெயரை மறைத்தது அவள் பேசுவதற்காக. பெயர் தெரிந்தால் ஊர் பேசும், அவள் பேசமுடியாது. பெயர் போனபின் அந்த இடத்தில் யாரும் வந்து நிற்கலாம். படிக்கிறவள் நிற்கலாம். தெருக்காட்சியில் மங்கலாக்கப்பட்டவன் பேசுவதில்லை. அவன் தெருவைக் கடக்கிறான், அவ்வளவே. அகத்தின் மறைப்பு ஒருத்தியை எல்லோருமாக ஆக்குகிறது. இந்த மறைப்பு ஒருவனை யாரும் இல்லாதவனாக்குகிறது. மங்கலின் தரம் மங்கலில் இல்லை. மறைத்த முகத்துக்கு ஈடாகக் குரல் கிடைத்ததா என்பதில்தான் இருக்கிறது.

4

இந்த அளவுகோலோடு நம் பக்கத்து நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கலாம். 2021 டிசம்பர் மத்தியில், ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 250க்கும் மேற்பட்ட பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 18 அன்று மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. இடையில் ராய்ட்டர் செய்தி நிறுவனத்திடம் ஆறு பெண்கள் பேசினார்கள். வேலையிலோ போலீசிடமோ பழிவாங்கப்படலாம் என்ற பயத்தில் ஒருத்தியும் பெயரைப் போட ஒப்பவில்லை. ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்ததும், ஒரு விடுதியின் கழிப்பறையில் தண்ணீர் வராததும் அவர்கள் வாயிலாகத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மூன்று வருஷத்துக்குள் வல்லம் வடகாலில் எழுந்த 18,720 படுக்கைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெயரில்லாத அந்த ஆறு பேரையும் நினைத்துக்கொள்வது நல்லது. பெயர் மறைந்தது, குரல் நின்றது. அகத்திணை மரபு உயிரோடு இருக்கிறது என்றால் நான் அங்கேதான் இருக்கிறது என்பேன். கவியரங்க மேடைகளில் அல்ல.

விளம்பரப் படத்தில் இதற்கு நேர் எதிரைப் பார்க்கலாம். தொழிற்சாலையைப் பற்றிய சிறப்பிதழ்களிலும் அறிக்கைகளிலும் சீருடையில் சிரிக்கும் பெண்களின் முகங்கள் கூர்மையாக இருக்கும். ஒரு வார்த்தையும் அவர்கள் பேசியிருக்க மாட்டார்கள். முகம் உண்டு, குரல் இல்லை. முகத்தைக் காட்டியதாலேயே அவர்களுக்கு மரியாதை செய்துவிட்டதாக நினைப்பது மங்கலாக்குவதைவிடப் பெரிய மங்கல்.

முகத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாகுமா என்பது அடுத்த சிக்கல். நெடுநல்வாடையில் யார் பெயரும் இல்லை. பிரிவில் தூங்காத அரசி. நள்ளிரவில் பாசறையில் புண்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கும் அரசன். அகம் என்றே சொல்லத் தோன்றும். ஆனால் அரசனோடு வரும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். நச்சினார்க்கினியருக்கு அது போதும். ஆளைச் சுட்டிவிட்டதால் பாட்டு அகம் ஆகாது, புறம் என்று தீர்த்துவிட்டார். முகம் வேண்டாம், பெயர் வேண்டாம், வேலில் ஒரு தழை போதும்.

அந்த உரைகாரரின் கூர்மை இன்றைய சட்டத்துக்கும் தேவைப்பட்டிருக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983ல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவாகக் குற்றமாக்கப்பட்டது. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவாக இருக்கிறது. 2018 டிசம்பரில் நிபுண் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெயரை மட்டும் அல்ல, தொலைவாகவேனும் ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடக்கூடாது என்றது. தொலைவாகவேனும் – அதுதான் வேப்பந்தழை. நம் பக்கத்துப் படங்களில் வேப்பந்தழைகள் ஏராளம். சீருடையின் நிறம், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டின் நாடா, பஸ் முகப்பில் ஒட்டிய ரூட் சீட்டு, விடுதி வாசலின் பலகை, கையில் குத்தியிருக்கும் பச்சை. முகத்தில் மட்டும் ஒரு புகையைத் தடவிவிட்டுப் படத்தைப் போடுகிறவர் வாசகனிடமிருந்துதான் மறைக்கிறார். எந்த சூப்பர்வைசரிடமிருந்து மறைக்க வேண்டுமோ அவருக்கு அந்த நாடா ஒன்றே போதும். ஊருக்குத் தெரியாது, உரியவனுக்குத் தெரியும். இப்படிப்பட்ட மறைப்பு மறைக்கிறவரின் மனசாட்சிக்குப் போடும் பிளாஸ்திரி. அவளுக்குப் பிரயோஜனம் இல்லை.

மறைக்கும் கடமையைப் பத்திரிகைக்காரன் தலையில் மட்டும் கட்டிவிட்டால் போதாது என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 2019ல் பொள்ளாச்சி வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளம் போலீஸ் அதிகாரியின் பேட்டியிலும் அரசாணையிலும்தான் வெளியே வந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த கொடுமையில் முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. அப்போதும் நீதிமன்றம் விதித்த இடைக்கால நஷ்டஈடு 25 லட்சம்தான். படத்தில் முகத்தை மங்கலாக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில் காகிதத்தில் பெயர் ஊர்வலம் போயிற்று.

5

இதுவரை மறைப்பின் பக்கம் நின்று பேசினேன். மறைக்காமல் விட்டதால் நேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அதுவும் இந்த ஊர்க்காரியம்தான்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபுவும் இறந்தார். காமிரா பிழைத்தது. அதன் ஃபிலிமில் பத்துப் படங்கள் இருந்தன. அவர் சதிகாரர்கள் சார்பில் படமெடுக்க வந்தவர் என்று பின்னால் புலனாய்வு சொன்னது. அந்தப் படங்களில் மாலையோடு காத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். கொஞ்சம் தள்ளி, வெள்ளைக் குர்தா பைஜாமாவில், பத்திரிகைக்காரன் மாதிரி ஒருவன் நிற்கிறான். வழக்கின் நூல் முனை அந்தப் படங்களிலிருந்துதான் கிடைத்தது. தள்ளி நின்றவன்தான் சிவராசன். காமிராவுக்கு யார் முக்கியம் என்ற அபிப்பிராயம் இல்லை. ஆகவே எல்லோரும் இருந்தார்கள். தள்ளி நிற்பவனைப் புகையாக்கிவிடும் இன்றைய சாமர்த்தியம் அன்று அந்தக் காமிராவுக்கு இருந்திருந்தால்?

பின்னணி எது என்பது படம் எடுக்கும்போது யாருக்கும் தெரியாது. பிறகுதான் தெரியும். சில சமயம் ஐந்து நிமிஷம் கழித்து, சில சமயம் ஐம்பது வருஷம் கழித்து. மங்கலாக்குகிறவன் எதிர்காலத்தின் கேள்விகளை முன்கூட்டியே தள்ளுபடி செய்துவிடுகிறான். நம் தாத்தா காலத்துக் குடும்பப் படங்களில் நமக்கு இன்று பொருளுள்ளதாக இருப்பது பெரும்பாலும் தாத்தாவின் முகம் அல்ல. பின்னால் கதவோரம் பாதி தெரியும் வேலைக்காரக் கிழவி, திண்ணையில் இருக்கும் எந்திரக்கல், கூடத்தில் மாட்டியிருக்கும் காலண்டர். அந்தக் கிழவியை எடுக்க யாரும் காமிரா வைக்கவில்லை. கண்ணாடி பாரபட்சம் பார்க்காததால் மட்டும்தான் அவள் இருக்கிறாள்.

அப்படியானால் எல்லாவற்றையும் எப்போதும் கூர்மையாக வைத்திருப்பதே அறம் என்று சொல்லிவிடலாமா? முடியாது. கொலையாளியைப் பிடித்துத் தந்த அதே கூர்மைதான் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களில் யார் யார் முன்வரிசை என்று எண்ணிப்பார்க்கவும் உதவும். படம் ஒன்றுதான். அதை எடுத்துப் பார்க்கும் மேஜைகள் வேறு. ‘உண்மையைக் காட்டுவதே கலைஞனின் கடமை’ என்ற பழைய வாக்கியத்தை இங்கே வீசுகிறவர்கள், அந்த உண்மைக்கு விலை கொடுக்கப்போவது தாங்கள் அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். காட்டுவதும் மறைப்பதும் தம்மளவில் அறமோ அறமின்மையோ அல்ல. ஆகவேதான் குரலைப் பற்றிப் பேசினேன். முன்வரிசைக்காரியின் முகத்தை மறைத்து அவள் சொன்னதை வெளியிடுவது ஒன்று. அவள் முகத்தையும் மறைத்து, அவள் சொன்னதையும் ‘போக்குவரத்து பாதிப்பு’ என்ற தலைப்பின் கீழ் கரைத்துவிடுவது வேறொன்று. இரண்டிலும் படம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கீழே அச்சான வார்த்தைகளையும் படிக்க வேண்டும்.

6

இன்னும் ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. அதுதான் கடினமானது. முகத்தை மறைக்கும்போது, மறைக்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று அந்த முகத்தில் இருக்கிறது என்றுதானே சொல்கிறோம்? கைதியின் தலையில் கறுப்புத் துணி போட்டு அழைத்துவரும் படமும் பாதிக்கப்பட்டவளின் முகத்தை மங்கலாக்கிய படமும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வரும்போது, கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. வெட்கம் இரண்டு முகங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. பாதுகாப்பு என்று நாம் கொடுத்த துணியிலேயே அவமானம் நெய்யப்பட்டிருக்கிறது.

2012 டிசம்பரில் டெல்லியில் கொடுமைக்கு ஆளாகி இறந்த பெண்ணின் தாய், மூன்று வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் மகளின் பெயரைத் தாமே சொன்னார். வெட்கப்பட வேண்டியவர்கள் அதைச் செய்தவர்கள், நாங்கள் அல்ல என்றார். 2024ல் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் நடந்த வழக்கில் கிஸேல் பெலிக்கோ, தம் அடையாளம் மறைக்கப்படும் உரிமையை விட்டுக்கொடுத்து, விசாரணை திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வெட்கம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் வாதம். 51 ஆண்கள் தண்டிக்கப்பட்டார்கள்.

ஆகவே எல்லோரும் முகத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது சுலபம், தவறும்கூட. பெலிக்கோவின் செயலுக்குக் கனம் வந்ததே மறைப்பு அவர் கையில் இருந்ததால்தான். அது அவருடைய உரிமையாக இருந்தது, அதை அவர் எடுத்து வைத்தார். உரிமையாக இல்லாத ஒன்றை எவரும் துறக்க முடியாது. நம் சட்டமும் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதித்தால் பெயரை வெளியிடலாம் என்று இடம் வைத்திருக்கிறது. இறந்தவர் விஷயத்தில் உறவினரின் சம்மதம் மட்டும் போதாது, செஷன்ஸ் நீதிபதியிடம் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொன்னது. டெல்லியின் அந்தத் தாய் செய்தது போன்றதை இந்த ஏற்பாட்டுக்குள் எங்கே வைப்பது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இறந்த மகளுக்காகப் பேசும் தாயின் குரலை மகளின் குரலாக எடுத்துக்கொள்ளலாமா என்பது சட்டத்தின் கேள்வி மட்டும் அல்ல. அகத்தில் செவிலித்தாய் பேசுகிறாள். ஆனால் மகள் பேசியதாக அவள் சொல்லிக்கொள்வதில்லை. என் சார்பு தாயின் பக்கம்தான். இருந்தாலும் குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் பெருமிதத்துக்கோ ஆத்திரத்துக்கோ கூட அந்த உரிமையைக் கொடுக்க நான் தயங்குவேன். அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் தானே பேச வேண்டியிருக்கும். அதுவரை மங்கல் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

7

மங்கலுக்கு இருக்கும் ஒரு நல்ல குணத்தைச் சொல்லி முடிக்கிறேன். இனி அது அருகிப் போகப்போகிறது என்பதால் சொல்லியாக வேண்டும்.

ஸ்டாலின் – ரஷ்யாவின் ஸ்டாலின் – மாஸ்கோ–வோல்கா கால்வாய்க் கரையில் நிற்கும் படம் ஒன்று உண்டு. பக்கத்தில் ரகசியப் போலீசின் தலைவர் யெஷோவ் நின்றுகொண்டிருந்தார். 1940ல் அவர் சுட்டுக்கொல்லப்பட்டபின் அந்தப் படத்தில் அவர் இல்லை. அவர் நின்ற இடத்தில் தண்ணீர் இருக்கிறது. அலைகூட இருக்கிறது. ஒருவன் அங்கே நின்றான் என்பதற்கான கேள்வியே எழாதபடி இடம் நிரப்பப்பட்டுவிட்டது. அன்று அதற்குத் தேர்ந்த கையும் பிரஷ்ஷும் பல மணி நேர உழைப்பும் தேவைப்பட்டன. 2021லிருந்து சில போன்களிலேயே அந்த வசதி வந்துவிட்டது. வேண்டாதவரை விரலால் சுற்றிவிட்டால் போதும், அவர் இருந்த இடத்தில் யந்திரம் மணலையோ புல்லையோ சுவரையோ சிருஷ்டித்து நிரப்பிவிடும்.

மங்கல் இப்படிச் செய்வதில்லை. இங்கே ஒருவர் இருக்கிறார், உங்களுக்குக் காட்டவில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. நான் ஆதார் நகலில் அடிக்கும் கறுப்புக் கோட்டுக்கும் அந்த நாணயம் உண்டு. எட்டு இலக்கம் இருக்கிறது, நீ பார்க்கக்கூடாது. பொய் சொல்லாமல் மறைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. மறைத்ததன் தழும்பு படத்தில் இருக்கும் வரை வாசகன் கேட்கலாம்: இது யார், ஏன் மறைத்தாய், அவள் கேட்டாளா, அவள் என்ன சொன்னாள்? தழும்பும் இல்லாமல் போகும்போது இந்த நான்கு கேள்விகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

எழுதுகிறவர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் கதைகளில், கவிதைகளில் எவ்வளவு பேரைப் பின்னணியாக்கி மிருதுவாகக் கரைத்திருக்கிறோம். நம் ‘நான்’ துல்லியமாக நிற்க, தெருவும் தெருவில் நடப்பவர்களும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துகிடக்கும் எத்தனை பக்கங்களை ‘அகவயம்’ என்ற பெயரில் இந்த மாதிரிப் பத்திரிகைகள் அச்சிட்டிருக்கின்றன. அகம் என்ற சொல்லைப் பிறப்பித்த மரபு செய்தது இதற்கு நேர் எதிர் என்பதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வல்லம் வடகாலின் விடுதியில் இரவு ஷிப்டு முடிந்து வந்து படுக்கும் பெண்ணின் பெயர் எனக்கு வேண்டாம். முகமும் வேண்டாம், அவள் தரவிரும்பாதவரை. அவள் நிற்கும் இடம் எது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். அவள் பேசுவது கேட்க வேண்டும். இந்த இரண்டையும் தராத படத்தில் முகம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் அதை மங்கலான படம் என்றுதான் நான் சொல்வேன்.